முன்பணம் கட்டியாகிவிட்டது, கட்-ஆஃப் 183.5: கலந்தாய்வுக்குக் காத்திருக்கலாமா?

காடாத்துணி | மே 11, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். சோமனூர் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். ஒரே மகள். பிளஸ் டூவில் கணிதம் 94, இயற்பியல் 88, வேதியியல் 91.

மார்ச் கடைசியில், தேர்வு முடிந்த வாரமே, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தறி ஓடிக்கொண்டிருந்ததால் அவர்கள் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. விழுந்தவரை நன்றாகத்தான் இருந்தது. கணினி அறிவியல் பிரிவில் இடம் உறுதி, இப்போதே பதிந்தால் கட்டணத்தில் சலுகை என்றார்கள். 20,000 ரூபாய் கட்டினேன். பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது மே 31க்குள் மீதிப் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று தினம் ஒரு அழைப்பு. மகளோ, மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்குகிற கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். காத்திருந்து அதுவும் கிடைக்காமல் இதுவும் போனால்? எனக்குப் படிப்பு விவரம் போதாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை | மே 11, இரவு 11.05

அண்ணா, பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். மார்ச் மாதத்தில் என்னையும் இப்படி வீடு வீடாக அனுப்பியிருக்கிறார்கள். அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கணிதம் அப்படியே 94, இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 45.5. ஆக 200க்கு 183.5, இதுதான் கட்-ஆஃப். இந்த மதிப்பெண் உள்ள பெண்ணுக்கு இடம் கிடைக்காமல் போகாது. எந்த இடம் என்பதுதான் கேள்வி. கலந்தாய்வு முடிந்த பிறகும் பல கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அது தெரிந்ததால்தான் மார்ச்சிலேயே உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்கிற ‘இடம் போய்விடும்’ ஆகஸ்டிலும் போயிருக்காது.

அடுத்தது கட்டணம். சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபோது, கலந்தாய்வில் வரும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. கல்லூரியே நேரடியாக நிரப்புகிற நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே ஆசிரியர். உங்களிடம் எவ்வளவு கேட்கிறார்கள்?

காடாத்துணி | மே 12, காலை 6.15

ஆண்டுக்கு 1,40,000 என்றார்கள். சலுகை போக 1,25,000. பஸ் தனி.

வாய்க்கால்மேடு | மே 12, காலை 7.40

சலுகையாம். சந்தையில் மாட்டுக்கு விலை சொல்கிற தரகன்கூடத் துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டுதான் விரலைப் பிடிப்பான். இவர்கள் பட்டப்பகலில் ரசீது போட்டல்லவா செய்கிறார்கள்!

நான் படித்த காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது, மொத்தம் 300க்குக் கட்-ஆஃப். 2007இல் அது போனபோது இனி கிராமத்துப் பிள்ளைகளுக்கு வழி எளிது என்றார்கள். வழி எளிதானது, உண்மைதான். வழியில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள்தான் கூடிவிட்டார்கள். சில பள்ளி ஆசிரியர்களே ஒரு தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மாணவர் பட்டியலைக் கொடுக்கிறார்கள். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அண்ணா, அந்த 20,000ஐ மறந்துவிடுங்கள். சான்றிதழை மட்டும் எப்படியாவது வாங்கிவிடுங்கள்.

பாரியூர்க்காரர் | மே 12, காலை 9.30

ஏன் மறக்க வேண்டும்? இந்தப் பேச்சுதான் அவர்களுக்கு மூலதனம். நான் கோபியில் ஓர் அரசு அலுவலகத்தில் 34 ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தாள் பேசும், தம்பி.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி தெளிவாக இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யாமல் மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

தம்பி, அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எதற்காக என்று எழுதியிருக்கிறது?

காடாத்துணி | மே 12, இரவு 9.50

இன்று தறியில் பாவு (நீளவாட்டு நூல்) தீர்ந்து புதுப் பாவு பிணைக்கிற வேலை, அதனால் தாமதம். ரசீதில் கல்லூரி பெயர் இல்லை அய்யா. ஏதோ அறக்கட்டளை என்று இருக்கிறது. எதற்காக என்ற இடத்தில் ‘நன்கொடை’ என்று கையால் எழுதியிருக்கிறார்கள். நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

பாரியூர்க்காரர் | மே 12, இரவு 10.10

அதைப் பத்திரமாக வையுங்கள், நல்ல சீட்டு அது! நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் நன்கொடை வசூல் தடைச் சட்டத்துக்குள் வரும், 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அவர்களே தம் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் கடிதத்தில் இதைக் கத்தியாக நீட்ட வேண்டாம். முதல்வர் பெயருக்கு எழுதுங்கள். இன்ன தேதியில் இவ்வளவு கட்டினேன், ரசீது எண் இது, இன்ன சான்றிதழ் தங்களிடம் இருக்கிறது, சேர்க்கை வேண்டாம், சான்றிதழையும் பணத்தையும் விதிப்படி தாருங்கள். இவ்வளவு போதும். கீழே ‘நகல்: தொழில்நுட்பக் கல்விக் குழுமம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகளே. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது. வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபால்.

வாய்க்கால்மேடு | மே 12, இரவு 10.45

அய்யா சொல்வது சட்டம். நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகனுக்கு இதே கதை, வேறொரு கல்லூரி. மூன்று முறை போனோம். முதல் முறை கணக்காளர் விடுப்பு. இரண்டாம் முறை செயலாளர் வெளியூர். மூன்றாம் முறை கொடுத்தார்கள், 15,000 கட்டியதில் 10,000. மீதி ‘நிர்வாகச் செலவு’. கலந்தாய்வுக்கு நேரமாகிறதே என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பாரியூர்க்காரர் | மே 12, இரவு 10.52

கடிதம் கொடுத்தீர்களா?

வாய்க்கால்மேடு | மே 12, இரவு 10.53

இல்லை. வாயால்தான் கேட்டோம்.

அம்மிச்சிவீடு | மே 13, காலை 11.20

தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணா, பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாப்பா எந்தப் பள்ளியில் படித்தாள்? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் 2021இல். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். என் தெருவில் கட்டட வேலை செய்கிறவர் மகள் அப்படித்தான் கோவையில் படிக்கிறாள்.

காடாத்துணி | மே 13, மதியம் 2.05

6, 7, 8 வீட்டுக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி. ஒன்பதிலிருந்து அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அப்போது அவள் அம்மிச்சிக்கு (அம்மாவைப் பெற்றவர்) உடம்பு சரியில்லை, தூரம் அனுப்ப வேண்டாம் என்று அங்கே சேர்த்தோம். இது தெரிந்திருந்தால் ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளிக்கு அனுப்பியிருப்பேன்.

கரும்பலகை | மே 13, இரவு 8.30

உதவி பெறும் பள்ளி என்றால் 7.5 கிடைக்காது அண்ணா. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024-25 முதல் உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பது அது.

இதைவிடப் பெரியது ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது பட்டதாரியா? இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வரும் இடத்துக்கு மட்டும்தான் அது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. வீட்டுக்கு வந்த இருவரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காடாத்துணி | மே 13, இரவு 9.15

நான் ஒன்பது, அவள் அம்மா பத்து. ஆனால் என் தம்பி பி.காம். கூட்டுக் குடும்பமாகத்தான் இருந்தோம், குடும்ப அட்டைகூட முன்பு ஒன்றுதான்.

பாரியூர்க்காரர் | மே 13, இரவு 9.25

சித்தப்பா கணக்கில் வர மாட்டார். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள், இவ்வளவுதான் பார்ப்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது தம்பியின் பி.காம். பற்றிப் பேச்சு வந்தால் மறைக்கவும் வேண்டாம், பதறவும் வேண்டாம்.

இன்னொன்று. சாதிச் சான்றிதழில் மகள் பெயரும் தலைப்பெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். என் மேசைக்கு வந்த மனுக்களில் பாதி இந்தத் தலைப்பெழுத்துச் சண்டைதான். ஓரிடத்தில் அப்பா பெயரின் எழுத்து மட்டும் இருக்கும், இன்னோரிடத்தில் ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சரிபார்ப்பு நேரத்தில் ஓடுவதைவிட இப்போது திருத்துவது எளிது.

இரண்டாமாண்டு | மே 14, இரவு 7.00

எல்லோரும் பொறியியலையே பேசுகிறீர்கள். நான் கோவை அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். 1852இல் பள்ளியாகத் தொடங்கிய இடம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2. பட்டியலினத்தவருக்கு அந்த 2 மட்டும். என் ஆண்டுக் கட்டணம், என் நண்பன் பொறியியல் கல்லூரி பஸ்ஸுக்குக் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான். தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் எங்கள் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். எனக்கு மாதம் 1,000 வருகிறது, புத்தகமும் டீயும் அதில்தான். தங்கைக்குப் பொறியியல்தான் வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

அம்மிச்சிவீடு | மே 14, இரவு 7.40

நல்ல கேள்வி தம்பி. அதோடு வேளாண்மையையும் மறக்க வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம், தனித் தரவரிசை. பொறியியலுக்கு விண்ணப்பித்தால் அதுவும் சேர்ந்து வரும் என்று நினைத்து என் மூத்தவள் தேதியைக் கோட்டைவிட்டாள். ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு, இன்று பெங்களூரில் யாரோ ஒருவருடைய மென்பொருளில் பிழை தேடுகிறாள். சம்பளம் நன்றாக வருகிறது, குறையில்லை. பொங்கலுக்கு வந்தால் தோப்புக்குப் போய்விட்டு இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருவாள்.

வாய்க்கால்மேடு | மே 14, இரவு 8.05

கணினி அறிவியல் எடுத்தால் வேலை. மற்றதெல்லாம் பேச்சு. அண்ணன் மகளைக் குழப்பாதீர்கள்.

சென்னிமலைநூல் | மே 14, இரவு 9.00

வேலை, வேலை என்கிறீர்களே, திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஆலை ஆலையாகத் தேடுகிற ஆள் யார் தெரியுமா? துணியைத் தொட்டுப் பார்த்து நூல் நம்பர் சொல்லத் தெரிந்த, அதோடு கணக்கும் ஆங்கிலமும் தெரிந்த ஆள். நான் 20 ஆண்டு நெசவு மாஸ்டர். எனக்கு முதலாவது தெரியும், மற்ற இரண்டும் தெரியாது. அதனால் இன்னும் மாஸ்டராகவே இருக்கிறேன். பி.எஸ்.ஜி., குமரகுரு, பண்ணாரி அம்மன் என்று நம் பக்கத்துக் கல்லூரிகளிலேயே ஜவுளித் தொழில்நுட்பம் இருக்கிறது. சேலத்தில் 1960இல் தொடங்கிய மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. தறிக்காரர் மகளுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை பாருங்கள்.

காடாத்துணி | மே 14, இரவு 9.40

மன்னிக்க வேண்டும் அண்ணா. இந்தச் சத்தத்திலிருந்து அவளாவது வெளியே போகட்டும் என்றுதான் படிக்க வைக்கிறேன். மீட்டருக்குப் பைசா பைசாவாகக் கூலி பேசி, அதையும் ஆறு மாதம் இழுக்கிற தொழில். இதற்குப் பட்டம் வேறா?

பிணைச்சல் | மே 15, இரவு 11.30

நான்தான் அந்த மகள். அப்பா தூங்கிய பிறகு எல்லாவற்றையும் படித்தேன். எல்லோருக்கும் நன்றி.

எங்கள் மூன்றாம் தறியில் ஒரு கோளாறு. மழைக்காலத்தில் ஓரளவு ஒழுங்காக ஓடும். சித்திரை, வைகாசியில் நிமிடத்துக்கு ஒரு இழை அறும். அப்பா தரையில் தண்ணீர் தெளிப்பார், ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார். பத்தாம் வகுப்பு விடுமுறையில் நான் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். எந்த மணிக்கு எத்தனை இழை, எந்தப் பக்கம் என்று. மதியம்தான் அதிகம், அதிலும் ஜன்னல் பக்கத்து ஓரம். ஜன்னலுக்குப் படுதா கட்டினோம், பாதியாகக் குறைந்தது. அப்பாவுக்கு இது நினைவிருக்குமா தெரியவில்லை. எனக்கு அந்த மாதிரி வேலைதான் பிடிக்கிறது. கணினி அறிவியல் பிடிக்காது என்றில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

அய்யா, நீங்கள் சொன்ன கடிதத்தை நான்தான் எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை போகிறோம்.

கரும்பலகை | மே 16, காலை 6.50

இருபது ஆண்டு வகுப்பெடுக்கிறேன், கேட்பதற்கு முன்பே நோட்டுப் போட்டு அளந்த மாணவி ஒருத்தியையும் பார்த்ததில்லை. அண்ணா, பதில் சொல்லுங்கள்.

காடாத்துணி | மே 18, இரவு 8.20

போய்விட்டு வந்தோம். வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம். கடிதத்தைப் படித்த பெண், ‘நகல்’ என்ற வரி வந்ததும் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சான்றிதழ். பணத்துக்கு மூன்று வாரம் கேட்டார்கள். முத்திரை வாங்கிவிட்டேன் அய்யா. நான் தயங்கினேன், மகள்தான் கேட்டு வாங்கினாள்.

படுதா நினைவிருக்கிறது. அது அவள் யோசனை என்பதை மறந்துவிட்டேன். விண்ணப்பம் போட்டுவிட்டோம், 500 ரூபாய். வேளாண்மைக்கும் போட்டாள்.

கரும்பலகை | ஜூலை 9, இரவு 9.10

தரவரிசை வந்திருக்குமே. தங்கை, விருப்பப் பட்டியல் போடும் முன் இதை மட்டும் படித்துவிடு.

பெற்றோர் செய்கிற பெரிய தவறு, ‘போன ஆண்டுக் கட்-ஆஃபுக்கு நமக்குக் கிடைக்காது’ என்று ஆசைப்பட்ட கல்லூரியையே எழுதாமல் விடுவது. அல்லது கிடைக்கிற கல்லூரியை மேலே எழுதிப் பிடித்ததைக் கீழே தள்ளுவது. கணினி உன் பட்டியலை மேலிருந்துதான் பார்க்கும். உன் முறை வரும்போது முதல் வரியில் இடம் இருந்தால் அதையே தந்துவிட்டு நிறுத்திவிடும். இல்லையென்றால் இரண்டாம் வரி. மேலே எட்டாத கல்லூரியை எழுதியதற்காகக் கீழே இருப்பது பறிபோகாது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதிய எந்த வரியும் உன் தலையில் விழலாம். போக மாட்டாய் என்றால் அதை எழுதாதே.

கல்லூரிப் பெயரை நம்பாதே, குறியீட்டு எண்ணைப் பார். பீளமேட்டு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006, நீலாம்பூரில் இருக்கிற பி.எஸ்.ஜி. 2377. ஒரே கல்லூரிக்குள்ளும் அரசு உதவி பெறும் பிரிவு ஒரு வரியிலும் சுயநிதிப் பிரிவு இன்னொரு வரியிலும் இருக்கும், கட்டணம் வேறு வேறு. கடைசி நாள் மாலைவரை காத்திருக்காமல் முந்தின இரவே உறுதிசெய்துவிடு. ஓ.டி.பி. அப்பா கைப்பேசிக்கு வரும், அதை அன்று தறிக்கூடத்துக்குக் கொண்டுபோக விடாதே.

பிணைச்சல் | ஜூலை 27, இரவு 9.30

சார், 31 வரிகள் எழுதினேன். தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. என் பட்டியலில் நான்காவது, பண்ணாரி அம்மன், ஜவுளித் தொழில்நுட்பம். முதல் மூன்றும் கோவைக்குள். ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே நகரக் காத்திருப்பதா என்று கேட்கிறது. நாளை மறுநாளுக்குள் சொல்ல வேண்டும். அப்பா பயப்படுகிறார்.

கரும்பலகை | ஜூலை 27, இரவு 9.45

நான்காவது உன் கையில்தான் இருக்கிறது, அப்பாவிடம் சொல். ‘ஏற்று மேலே நகர்தல்’ கொடுத்தால், ஒதுக்கீடு பெற்றவர்கள் சேராமல் விட்ட இடம் மேலே காலியானால் அங்கே போவாய். காலியாகாவிட்டால் இதிலேயே இருப்பாய். கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் கலந்தாய்வுச் சேவை மையத்தில் கட்ட வேண்டும், அதை மட்டும் தவறவிடாதே. ‘மறுத்து மேலே நகர்தல்’ என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும், விரல் அங்கே போனால் கையில் இருப்பதும் போய்விடும். இரண்டு முறை படித்துவிட்டு அழுத்து.

வாய்க்கால்மேடு | ஜூலை 27, இரவு 10.00

சத்தியமங்கலம் பக்கம் என்றால் விடுதிதான். பவானி ஆற்று மீன் சாப்பிடலாம். கணினி அறிவியல் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை.

காடாத்துணி | ஆகஸ்ட் 6, இரவு 9.05

மேலே நகர்ந்துவிட்டது. இரண்டாவது வரி, குமரகுரு, அதே ஜவுளிப் பிரிவு. தினமும் வீட்டிலிருந்து போய் வரலாம் என்பதில் அவள் அம்மாவுக்குத்தான் அதிக மகிழ்ச்சி. முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஜூனிலேயே வந்துவிட்டது, தம்பியைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை.

பணம் மூன்று வாரம் என்றது ஏழு வாரம் ஆனது. இரண்டாவது கடிதம் போட்ட பிறகு காசோலை வந்தது. 19,000.

சென்னிமலைநூல் | ஆகஸ்ட் 6, இரவு 9.20

அம்மணி, முதலாண்டு விடுமுறையில் ஒருநாள் சென்னிமலைக்கு வா. கைத்தறியில் உட்கார வைக்கிறேன். விசைத்தறி மட்டும் பார்த்த கண்ணுக்கு அது வேறு பாடம். அந்த நோட்டையும் எடுத்து வா.

நொய்யல்மேடு | ஆகஸ்ட் 7, காலை 7.15

புதிதாகச் சேர்ந்தவன், இப்போதுதான் முழுவதும் படித்தேன். என் அண்ணன் மகனின் மாற்றுச் சான்றிதழ் ஒரு கல்லூரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடித நகல் கிடைக்குமா?

பிணைச்சல் | ஆகஸ்ட் 7, காலை 7.30

தருகிறேன் அண்ணா. படம் எடுத்து, எங்கள் பெயரை மறைத்துவிட்டு இரவு போடுகிறேன். ரசீது எண் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டிருப்பேன், உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள். முத்திரை வாங்காமல் எழுந்து வர வேண்டாம்.